1099 தாளில் இல்லாத எண்

அன்புள்ள சேகர்,

உன் அப்பா வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடந்து வந்துவிட்டார் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே ஃப்ரீமான்டில் எல்லாரும் சுகம். மகள் மே மாதம் காலேஜ் முடிக்கிறாள்.

வீடு வாங்க எடுத்து வைத்த பணத்தை அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் ட்ரெஷரி மணி மார்க்கெட் ஃபண்டில் போட்டிருப்பதாகச் சொன்னாய் அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கடிதம். போன வாரம் பழைய டாக்ஸ் பேப்பர்களைப் புரட்டியபோது, 2023 கணக்கில் கலிஃபோர்னியாவுக்கு 223 டாலர் அநாவசியமாகக் கட்டியிருப்பது தெரிந்தது. உனக்கும் அப்படி ஆகக் கூடாது.

வருஷா வருஷம் டிவிடெண்ட் கணக்குக் காட்டி வரும் 1099-டிவ் தாளை எடுத்துப் பார். பாக்ஸ் 1ஏ-யில் டிவிடெண்ட் மொத்தமும் ஒரே எண்ணாக இருக்கும். எனக்கு 3,000 டாலர். அதில் எவ்வளவு மத்திய அரசுக் கடன் பத்திரங்களின் வட்டி என்று அந்தத் தாளில் எங்கும் இருக்காது. ஃபண்ட் கம்பெனி ஜனவரி, பிப்ரவரி வாக்கில் ஒரு பட்டியல் வெளியிடும். அதில் ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். என் ஃபண்டுக்கு 80. ஆக 2,400 டாலருக்கு மாநில வரி கிடையாது. எனக்கு மாநில வரி 9.3 சதவீதம் என்பதால் அந்த 223. மத்திய வரி மட்டும் முழுத் தொகைக்கும் உண்டு.

மத்திய அரசு வாங்கும் கடனுக்கு மாநிலமோ நகரமோ வரி போடக் கூடாது என்பது இன்று நேற்று வந்ததல்ல. சார்ல்ஸ்டன் நகரம் அப்படிப் போட்ட வரியை 1829-லேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இருநூறு வருஷமாக நிற்கும் உரிமையை ஒரு எண்ணைத் தேடி எடுக்காததால் விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, ஏன் 80, ஏன் 100 இல்லை? மீதிப் பணம் ரெப்போவில் இருந்தது. இன்று ராத்திரி பணம் கொடு, நாளைக்கு வட்டியோடு தருகிறேன், அதுவரை இந்தப் பாண்டு உன்னிடம் இருக்கட்டும் என்பதுதான் ரெப்போ. அடகுக் கடைக்காரருக்கு வருவது நகை ஈன்ற வருமானமா? கடன் வாங்கியவர் கட்டும் வட்டிதானே. நெப்ராஸ்கா வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே நியாயம்தான்: ரெப்போ வட்டிக்கு மாநிலம் வரி போடலாம்.

அதனால் ஃபண்டின் பெயரை மட்டும் நம்பாதே. பெயரில் 'கவர்ன்மென்ட்' என்று இருக்கும், உள்ளே பாதிக்கு மேல் ரெப்போவாக இருக்கும். வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் பத்திரங்களுக்கும் இந்த விலக்கு இல்லை. இதில் உன் நியூயார்க்கும் என் கலிஃபோர்னியாவும் ரொம்பக் கறார். ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் ஃபண்டின் சொத்தில் குறைந்தது 50 சதவீதம் விலக்குள்ள பத்திரங்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த டிவிடெண்டில் ஒரு டாலரைக்கூடக் கழிக்க முடியாது. பட்டியலின் அடிக்குறிப்பில் இது இருக்கும், அதையும் படி.

நீ குவீன்ஸில் இருப்பதால் நகர வரியும் சேர்ந்து கிட்டத்தட்ட 10 சதவீதம் வரும். நியூயார்க் மாநில வரிக்கான ஐடி-201 படிவத்தில் 28-ம் வரியில்தான் இந்தத் தொகையைக் கழிக்க வேண்டும். சாஃப்ட்வேரில் டிவிடெண்டைப் போடும்போது, அதில் ஒரு பகுதி அரசாங்க வட்டி என்று நீயே டிக் செய்தால்தான் அது அங்கே போய்ச் சேரும். என் கணக்கில் விட்டுப்போனது அந்த டிக்தான். இங்கே திருத்தி அனுப்ப 4 வருஷம் அவகாசம் உண்டு, அனுப்பிவிட்டேன்.

இந்த வருஷக் கணக்கை அனுப்புவதற்கு முன்னால் உன் ஃபண்டின் முழுப் பெயரை எனக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்து பார்த்துவிடலாம். அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்