நீ பேசுவதையும் டைப் அடிக்கச் சொல்

அன்புள்ள யாழினிக்கு,

சிவில் ஜட்ஜ் லிஸ்டில் உன் நம்பர் வந்ததிலிருந்து உங்கம்மா அஸ்தம்பட்டியில் ஒரு வீடு பாக்கி விடாமல் ஸ்வீட் கொடுத்து முடித்துவிட்டாள். வாழ்த்துச் சொல்லவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. பெரியம்மா வேறு ஒன்று சொல்கிறேன். பெஞ்சுக்குக் கீழே ஸ்டெனோ நாற்காலியில் உட்கார்ந்தே ரிட்டையர் ஆனவள் நான். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் நீதிபதிகள் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிவார்கள். நல்ல நீதிபதிகளைப் பற்றி உனக்கு அகாடமியிலேயே பாடம் எடுப்பார்கள். நான் சொல்லப்போவது ஜூலியஸ் ஹாஃப்மன் என்ற சிகாகோக்காரரைப் பற்றி.

1895ல் பிறந்தார், சட்டம் படித்தார், கம்பெனி வக்கீலாக இருந்தார், 1947ல் உள்ளூர் ஜட்ஜ் ஆனார். 1953ல் அதிபர் ஐசன்ஹோவர் அவரை ஃபெடரல் விசாரணை நீதிமன்றத்துக்கு நியமித்தார். இதுவரை எல்லாருடைய கதையும்தான். ஆனால் அவரைக் கொடுங்கோலன் என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் இரண்டு தீர்ப்புகளைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1960ல், ஆபாசம் என்று தபால்துறை தடுத்து வைத்திருந்த ஒரு இலக்கியப் பத்திரிகையை, ஆபாசம் இல்லை என்று விடுவித்தது இவர்தான். 1968ல் சிகாகோவுக்குத் தெற்கே ஒரு பள்ளி மாவட்டத்தில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து வைத்திருந்ததை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டதும் இவர்தான். சட்டம் தெரியாத ஆள் இல்லை, கண்ணு.

அடுத்த வருஷம் அவர் பெயரைக் கெடுத்த வழக்கு அவர் முன்னால் வந்தது. வியட்நாம் போரை எதிர்த்து 1968ல் சிகாகோவில் கூடியவர்களில் எட்டுப் பேர் மேல் கலவரத்துக்குச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. 1969 செப்டம்பரில் விசாரணை ஆரம்பம். பாபி சீல் என்ற கறுப்பினத் தலைவரின் வக்கீலுக்கு ஆபரேஷன். தள்ளி வையுங்கள் என்றார்கள், முடியாது என்றார் ஹாஃப்மன். நம்ம ஊரில் ஜூனியர் எழுந்து "சீனியருக்கு உடம்பு சரியில்லைங்க அய்யா" என்றாலே வாய்தா கிடைக்கும்! அப்படியானால் நானே என் வழக்கை நடத்துகிறேன் என்று சீல் கேட்டார். அதற்கும் முடியாது. அவர் விடாமல் எழுந்து கேட்டுக்கொண்டே இருக்க, அக்டோபர் 29ஆம் தேதி அவரை நாற்காலியோடு கட்டி வாயையும் அடைக்கச் சொன்னார் ஹாஃப்மன். குற்றமா இல்லையா என்று முடிவு சொல்ல உட்கார்ந்திருந்த பொதுமக்கள், அதாவது ஜூரிகள் பார்க்க, திறந்த கோர்ட்டில். நவம்பர் 5ஆம் தேதி சீலை வழக்கிலிருந்து பிரித்து, கோர்ட் அவமதிப்புக்கு நாலு வருஷம் ஜெயில் போட்டார்.

எதிர்த்தரப்பு மட்டும் அடக்கமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. இரண்டு பேர் நீதிபதி அங்கியைப் போட்டுக்கொண்டே கோர்ட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருவர் பெயரும் ஹாஃப்மன். அவர் எனக்குச் சொந்தமில்லை என்று நீதிபதியே ஜூரிகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஆனால் சீண்டினால் சீறுவதற்கா சம்பளம்? எதிர்த்தரப்பு வக்கீல் வைங்லாஸின் பெயரை விசாரணை நெடுக அவர் தப்புத்தப்பாகவே கூப்பிட்டார். ஜூரிகள் உள்ளே போய்த் தீர்ப்பை யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வெளியே குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய வக்கீல்களுக்கும் வரிசையாக அவமதிப்புத் தண்டனை வாசித்தார். வக்கீல் கன்ஸ்ட்லருக்கு மட்டும் நாலு வருஷத்துக்கு மேல்.

1972ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மே மாதம் அவமதிப்புத் தண்டனைகளையும், நவம்பரில் ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லியிருந்த ஐந்து பேருடைய கலவரத் தண்டனைகளையும் ரத்து செய்தது. நீதிபதி எதிர்த்தரப்பிடம் ஆரம்பத்திலிருந்தே பகையோடு நடந்துகொண்டது ஒரு காரணம். இதை மேல்கோர்ட் எதை வைத்துச் சொன்னது? கண்ணால் பார்க்கவில்லை. இருபதாயிரம் பக்கத்துக்கு மேல் இருந்த டைப் அடித்த கட்டை வைத்துத்தான். அங்கே ஸ்டெனோ எல்லாவற்றையும் எடுப்பார்: சாட்சி சொன்னது, வக்கீல் கத்தியது, நீதிபதி அடித்த நக்கல் உட்பட.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். நம் விசாரணைக் கோர்ட்டில் அப்படி நடப்பதில்லை. சாட்சி பேசுவார், நீதிபதி அதைச் சுருக்கிச் சொல்வார், நாங்கள் அடிப்போம். நீதிபதி வாயிலிருந்து வருவதில் எது வாக்குமூலம், எது கோபம் என்று பிரித்து, கோபத்தை விட்டுவிடுவது எங்கள் பழக்கம்.

நான் வேலை பார்த்த ஒரு கோர்ட்டில், ஊர் வேண்டாம், ஒரு வழக்குக்கு ஏற்காட்டு மலையிலிருந்து காபித் தோட்ட வேலைக்காரம்மா ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். பஸ் மயக்கமோ என்னமோ, கூண்டுக் கம்பியில் லேசாகச் சாய்ந்து நின்றார். "இது என்ன உன் வீட்டுத் திண்ணையா?" என்று மேலேயிருந்து ஒரு அதட்டல். அந்தம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்தார். அதற்குப் பிறகு குறுக்கு விசாரணையில் எதைக் கேட்டாலும் "ஆமாங்க சாமி". முதல் விசாரணையில் சொன்னதற்கு நேர் எதிரான கேள்விக்கும் ஆமாங்க. நான் அடித்த காகிதத்தில் வரிசையாக "ஆமாம், சரிதான்" என்றுதான் இருக்கும். அந்த அதட்டல் எங்கேயும் இருக்காது. அப்பீலில் படிக்கிறவருக்கு அது பிறழ்சாட்சி, அவ்வளவுதான்.

சாட்சி எப்படி நடந்துகொண்டார் என்று நீதிபதி குறிப்பு எழுத பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 280ஆவது பிரிவு இருந்தது. நீ மனப்பாடமே பண்ணியிருப்பாய். நீதிபதி எப்படி நடந்துகொண்டார் என்று எழுதத்தான் ஒரு பிரிவும் இல்லை.

அவமதிப்பு வழக்கின் மிச்சத்தை 1973ல் மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த கின்யூ என்ற நீதிபதி திரும்ப விசாரித்தார். சிலவற்றில் குற்றம் என்றே முடிவு செய்தார். ஆனால் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. ஹாஃப்மனைவிட இவரைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்க வேண்டும். அமைதியாக வேலை செய்கிறவரைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

ஹாஃப்மன் மாறவும் இல்லை. 1978ல் ஃபிராங்க் வாலுஸ் என்ற போலந்துக்காரரை நாஜிக் கொலைகாரர் என்று தீர்மானித்துக் குடியுரிமையைப் பறித்தார். போர்க்காலத்தில் அந்த ஆள் ஜெர்மனியில் பண்ணைக் கூலியாக இருந்ததற்கு ஆதாரங்கள் வந்து சேர, 1980ல் மேல்கோர்ட் அந்தத் தீர்ப்பையும் தள்ளியது. அரசாங்கமே வழக்கைக் கைவிட்டது. 1982ல், 86 வயதில், இனிமேல் அவருக்குப் புது வழக்கு ஒதுக்க வேண்டாம் என்று சக நீதிபதிகளே முடிவெடுத்தார்கள். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

மேல்கோர்ட் இருக்கிறதே, அது சரி பண்ணிவிடாதா என்று நீ கேட்பாய். நம்ம சேலம் விஜயராகவாச்சாரியாருக்குப் பண்ணியது. 1882 கலவர வழக்கில் சிக்கவைத்தார்கள். போராடி விடுதலை ஆனார், பறித்த நகரசபைப் பதவியையும் நூறு ரூபாய் நஷ்டஈட்டையும் வாங்கினார். அவர் வக்கீல். காபித் தோட்டத்து அம்மா எந்த அப்பீலுக்குப் போவார்?

அதனால் இதை மட்டும் செய். வக்கீல் ஆட்சேபித்தால் ஆட்சேபணையோடு உன் பதிலையும் டிக்டேட் பண்ணு. சாட்சியிடம் நீ ஏதாவது கேட்டால் "நீதிமன்றக் கேள்வி" என்று போட்டு, கேட்டபடியே அடிக்கச் சொல். குரலை உயர்த்திவிட்டால் அதையும் சேர்த்து. உன் ஸ்டெனோ முதல் வாரம் தயங்குவாள், "இதையுமா மேடம்?" என்பாள். ஆமாம் என்று சொல்.

போஸ்டிங் எந்த ஊர் என்று தெரிந்ததும் முதலில் எனக்குப் போன் பண்ணு. அந்தக் கோர்ட்டில் யார் ஸ்டெனோ என்று விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா