செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்தப் பொதுக்கூட்டம் டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது. நவம்பர் கடைசியில் டித்வா புயலும் மண்சரிவும் மலையகத்தையே புரட்டிப் போட்டதில் தள்ளிப்போனது. வீடிழந்த அங்கத்தவர் குடும்பங்களுக்குச் சங்கத்தின் ஆறுதலை முதலில் பதிவு செய்கிறேன்.

ஹட்டனில் வகுப்புகள் வழமைபோல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததால், நல்ல நிலையில் இருக்கும் பழைய மடிக்கணினிகளை "இதற்கு உபுண்டு போட்டுத் தாங்க" என்று, விண்டோஸுக்குப் பதிலாக அந்த இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளப் பலர் கொண்டுவந்தார்கள். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

இனி, நான் விரிவாகச் சொல்ல வேண்டிய விடயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் விடுமுறையில், மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றின் படிப்பறைக் கணினிகளில் இருந்த உபுண்டு 22.04 பதிப்பை அழித்துவிட்டு 24.04 பதிப்பை நிறுவினோம். நிறுவும்போது வந்த கேள்விகளுக்கெல்லாம் முன்னிருப்பாக இருந்ததையே தெரிவு செய்துகொண்டு போனேன். அடுத்த நாள் காலை சாதாரண தரப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மகள், "சேர், எழுதுற புரோகிராமைக் காணோமே, கணக்குப் போடுறதும் இல்ல" என்றாள். பார்த்தால் எந்தக் கணினியிலும் லிப்ரே ஆபிஸ் இல்லை. தேயிலை மலைக்கு நடுவில் இருக்கும் அந்த அறையில் ஜன்னல் ஓரம் நின்றால்தான் போனில் ஒரு கோடு சிக்னல் வரும். அதை வைத்துக்கொண்டு எதைத் தரவிறக்குவது? அன்றைய வகுப்பு நடக்கவில்லை. பிள்ளைகள் மழையில் திரும்பிப் போனார்கள்.

காரணம் இதுதான். 2023 அக்டோபரில் வந்த 23.10 பதிப்பிலிருந்து உபுண்டுவின் வழமையான நிறுவல் சுருக்கப்பட்டுவிட்டது. உலாவியும் சில அடிப்படைக் கருவிகளும் மட்டுமே வரும். லிப்ரே ஆபிஸும் மின்னஞ்சலுக்கான தண்டர்பேர்டும் வேண்டுமென்றால் நிறுவும்போதே விரிவான தெரிவைச் சொடுக்க வேண்டும். மென்பொருள் பொதிகள் எல்லாம் அதே பென் டிரைவில்தான் இருந்தன. வெளியீட்டுக் குறிப்பை நான் முன்கூட்டியே வாசித்திருந்தால் ஒரு சொடுக்கில் முடிந்திருக்கும். இந்தத் தவறுக்கு நானே பொறுப்பு.

இப்படி மாறுவது புதிதும் அல்ல. உபுண்டு 10.04 பதிப்பில் படம் திருத்தும் கிம்ப் நீக்கப்பட்டது. 11.04இல் ஓபன் ஆபிஸின் இடத்துக்கு லிப்ரே ஆபிஸ் வந்தது. அதே பதிப்பில் பாட்டுக் கேட்கும் ரிதம்பாக்ஸைத் தூக்கிவிட்டு பன்ஷியை வைத்தார்கள், ஒரு வருடத்தில் 12.04இல் ரிதம்பாக்ஸே திரும்பி வந்தது. ஒரு சிடிக்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கவலை. பராமரிக்க ஆள் இல்லாமல் போவது, புதிய நுட்பத்தில் எழுதிய மென்பொருள் வருவது எல்லாம் நியாயமான காரணங்கள்தான். மாற்றுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயன்படுத்துகிறவரின் கைக்கு அந்தக் காரணம் தெரியாதே.

எங்கள் கிளாக்கர் ஐயா ஓய்வு பெற்ற பிறகும் தோட்டத்து ஆட்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள் தட்டிக் கொடுக்கிறார். அவருக்கு ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புத்தான் பழக்கம். புதிய நிறுவலில் அது இல்லை. அதைத் தரும் ஐபஸ் எம்17என் பொதியைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அதுவரை இரண்டு விரலை விசைகளுக்கு மேலே தூக்கி வைத்தபடி, எந்த எழுத்து எங்கே என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி, எனக்குக் கை மறந்துபோச்சோ?" என்று அவர் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் செயற்குழு ஒரு முடிவெடுத்தது. எந்தக் கணினியிலும் கை வைப்பதற்கு முன், 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' கட்டளையால் நிறுவிய பொதிகளின் பட்டியலை எடுத்து வைக்கிறோம். ஒரு கணினியில் மட்டும் புதிய பதிப்பைப் போட்டு, அங்கும் பட்டியல் எடுத்து ஒப்பிடுகிறோம். விடுபட்டவற்றை ஹட்டனிலேயே தரவிறக்கிக் கொண்டுபோகிறோம். செப்டெம்பருக்குப் பின் மென்பொருள் இல்லாத காரணத்தால் ஒரு வகுப்புக்கூடத் தடைப்படவில்லை.

2026 ஏப்ரலில் உபுண்டு 26.04 வருகிறது. 25.04இல் பிடிஎஃப் கோப்புகளைத் திறக்கும் எவின்ஸ் போய் பேப்பர்ஸ் வந்தது. 25.10இல் படம் பார்க்கும் மென்பொருளும் கட்டளை தட்டும் முனையமும் மாறி லூப், டிக்சிஸ் என்று வந்தன. 24.04இல் இருந்து நேரே தாவும் நமக்கு இவையெல்லாம் ஒரே நாளில் புதிதாகத் தெரியும். கடந்தகால வினாத்தாள்களைப் பிள்ளைகள் எவின்ஸில்தான் திறக்கிறார்கள் என்பதால் பேப்பர்ஸை அவர்களுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும். அதனால் ஏப்ரலில் அவசரப்படாமல், ஆகஸ்ட் அளவில் முதல் திருத்த வெளியீடாக வரும் 26.04.1க்குக் காத்திருக்கும்படி செயற்குழு பரிந்துரைக்கிறது. சபை இதை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். தினமும் எந்த மென்பொருளைத் திறக்கிறீர்கள், எந்த விசைப்பலகையில் தட்டுகிறீர்கள் என்று போவதற்கு முன் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். மென்பொருளின் பெயர் தெரியாவிட்டால் அதன் படத்தை வரைந்தாலும் சரி.

செயலாளர்