ட்ரோலிங் மோட்டார் வயரிங் தொகுதி தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

12 வோல்ட், 55 இறாத்தல் தள்ளுவிசை ட்ரோலிங் மோட்டாருடன் (பற்றரியில் ஓடிச் சிறிய படகைத் தள்ளும் மோட்டார்) நீங்கள் விற்ற வயரிங் தொகுதி பற்றியது இக்கடிதம். அதன் பிரேக்கர் (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் ஆளி) உருகிவிட்டது. "உப்புநீர் புகுந்ததால் ஏற்பட்ட சேதம், உத்தரவாதம் செல்லாது" என்று உங்கள் திருகோணமலைக் கிளை தந்த பதிலை நான் ஏற்கவில்லை. பெட்டியின் மேலேயே "கடல்நீருக்கு ஏற்றது" என்று அச்சிட்டிருக்கிறது. மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை. குறை அதனுடன் வந்த கேபிளிலும் பிரேக்கரிலும், எல்லாவற்றுக்கும் மேலாக வரைபடத்திலும் இருக்கிறது.

முதலில் கேபிள். உறையில் "10 சதுர மி.மீ., செம்பு" என்று எழுதியிருக்கிறது. கடலுக்கான கேபிளின் செம்பு இழை வெள்ளீயம் பூசியது, வெளியே வெள்ளை, கத்தியால் சுரண்டினால் உள்ளே சிவப்பு. உங்கள் கேபிளில் இது தலைகீழாக இருக்கிறது: வெளியே சிவப்பு, சுரண்டினால் உள்ளே வெள்ளை. அது செம்பு பூசிய அலுமினியம். தராசும் இதையே சொல்கிறது. 10 சதுர மி.மீ. செம்பு ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 90 கிராம் இருக்க வேண்டும். உறை உரித்து நிறுத்தபோது உங்களுடையது 35 கிராம்தான்.

16 அடி பைபர் படகின் அணியத்தில் மோட்டாரும் பின்பக்கத்தில் பற்றரியும் இருக்கின்றன. கேபிள் போக 4.2 மீற்றர், திரும்பி வர 4.2 மீற்றர், மொத்தம் 8.4 மீற்றர். படகைக் கட்டிவைத்து, மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு அளந்தேன். மின்னோட்டம் 48 அம்பியர். பற்றரி முனையில் 12.1 வோல்ட், மோட்டார் முனையில் 10.8 வோல்ட். இழந்த 1.3 வோல்ட்டில் 1.1 கேபிளிலும் 0.2 பிரேக்கர் இணைப்பிலும் போகிறது. ஏறத்தாழ 62 வாட் தள்ளுவிசையாக மாறாமல் வெறும் சூடாகிறது. அசல் செம்பாக இருந்திருந்தால் கேபிளின் இழப்பு 0.7 வோல்ட்டுடன் நின்றிருக்கும். உண்மையில் இந்தத் தூரத்துக்கு அதுவும் கூடுதல்தான். 25 சதுர மி.மீ. செம்பு போட்டால் 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். "5 மீற்றர் வரை 10 சதுர மி.மீ. போதும்" என்ற உங்கள் அட்டவணை போகும் தூரத்தை மட்டும் எண்ணியிருக்கிறது. மின்னோட்டம் திரும்பியும் வர வேண்டும்.

பிரேக்கர் உருகியதற்கும் காரணம் அந்தக் கேபிள்தான். திருகின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல மெல்ல நசிந்து விலகும், அதனால் பிடி தளரும். செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கும். தளர்ந்து அரித்த இணைப்பில் 0.2 வோல்ட் விழுந்தால் 48 அம்பியரில் அது 10 வாட் சூடு. நகத்தளவு இடத்தில் அவ்வளவு சூடு ஏறினால் பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? உங்கள் ஆட்கள் "உப்புநீர்" என்று காட்டிய வெள்ளைத் தூள் இதுதான். அந்தப் பிரேக்கரும் வீட்டுச் சுவரில் பூட்டும் 63 அம்பியர் வகை. நீர்புகா மூடியும் இல்லை.

இவை பணநட்டம். வரைபடம் உயிராபத்து. அதில் பிரேக்கரை மோட்டாருக்குப் பக்கத்தில் அணியத்தில் காட்டியிருக்கிறீர்கள். பிரேக்கர் காப்பது கேபிளை. பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவாக, 18 செ.மீ. தூரத்துக்குள், அது இருக்க வேண்டும். உங்கள் படத்தின்படி பூட்டினால் 4 மீற்றர் கேபிள் காவலே இல்லாமல் படகின் நீளத்துக்கு ஓடுகிறது. நங்கூரச் சங்கிலியோ கூரான பைபர் விளிம்போ உறையை அறுத்து இரண்டு கம்பியும் தொட்டால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும், பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. பற்றரிக்கு அருகில் மண்ணெண்ணெய்த் தாங்கியும் பெற்றோல் கானும் இருப்பது இங்கே எல்லாப் படகிலும் உள்ளதுதான். நான் படத்தைப் பின்பற்றாமல் பற்றரிப் பக்கத்திலேயே பூட்டினேன். "வரைபடத்தின்படி பொருத்தவில்லை" என்று அதையும் உத்தரவாத மறுப்பில் எழுதியிருக்கிறீர்கள்.

கைநூலில் "எந்தக் கார் பற்றரியும் பொருந்தும்" என்ற வரியையும் நீக்குங்கள். கார் பற்றரி ஸ்டார்ட் பண்ண மட்டும் செய்தது. இப்படி ஆழமாக இறக்கி இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் செத்துவிடும். டீப் சைக்கிள் வகையே வேண்டும்.

கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கணவாய் பிடிக்கப் போகும் சிறிய படகு அந்தக் காற்றுக்கு எதிரே கரை திரும்ப வேண்டும். பத்தில் ஒரு பங்கு சக்தி குறைவதும், நடுவில் பிரேக்கர் உருகி மோட்டார் நிற்பதும் அங்கே சின்ன விஷயமல்ல.

ஆகவே, தரக்குறைவான தொகுதிக்குப் பதிலாக வெள்ளீயம் பூசிய 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் சிவப்பிலும் கறுப்பிலும் 4.5 மீற்றர் வீதம், நீர்புகாத 60 அம்பியர் டீ.சீ. (நேரோட்ட) பிரேக்கர் ஒன்று, வெள்ளீயம் பூசிய செம்பு லக்குகள் (கேபிள் முனையில் பூட்டும் வளையங்கள்), பசையுள்ள சுருங்கும் குழாய் ஆகியவற்றைத் தர வேண்டும். மீதி இருப்பை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும். மூதூர், கிண்ணியா உட்பட ஏற்கனவே வாங்கிய எல்லோருக்கும், பிரேக்கரைப் பற்றரிப் பக்கம் மாற்றும்படி தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். திருத்திய வரைபடம் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும். தொலைபேசி அறிவிப்பை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள், மற்றவற்றுக்கு 14 நாட்கள் காத்திருப்பேன். அதன்பின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்,
உப்புவெளி, திருகோணமலை.

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, உருகிய பிரேக்கரின் படங்கள், சுரண்டிய கேபிள் துண்டு ஒரு அடி. மீதிக் கேபிளும் பிரேக்கரும் என்னிடம் உள்ளன, உங்கள் தொழில்நுட்பவியலாளர் வந்து பார்க்கலாம்.