திருட்டு எங்கே தொடங்குகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் உரிமம் வாங்காமல் புழங்கும் போலி மென்பொருள் பற்றிச் சென்ற ஞாயிறன்று தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் மாணவன் முதல் திருட்டைக் கணினி ஆய்வகத்தில்தான் பழகுகிறான் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்தபின் காபி இறங்கவில்லை.

டெல்டா பகுதியில் நிதியுதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில், பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்த சம்பளத்தில் காலம் தள்ளிய கணினி வாத்தியார் நான். அந்தச் சம்பளத்தைப் பற்றி எழுதிய கடிதத்தைத் தாங்கள் போடவில்லை. போகட்டும், இடமிருந்திருக்காது.

திருட்டு எங்கே தொடங்குகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளைப் பாடமாக வைத்தார்கள். காசில்லாமல் கிடைப்பது, மகிழ்ந்தோம். மறு வருடம் வந்த பன்னிரண்டாம் வகுப்பு ‘கணினிப் பயன்பாடுகள்’ நூலைத் திறந்தால், அச்சுப் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர்! அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001இல். 2004இல் அடோபி நிறுவனமே அதைக் கைகழுவிவிட்டு இன்டிசைன் என்ற தன் இன்னொரு மென்பொருள் பக்கம் போய்விட்டது. அந்தப் பதிப்பு வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகளுக்கு அது பாடம், செய்முறைத் தேர்வும் உண்டு. உரிமம் வாங்க எந்தக் கடைக்குப் போவது? கட்டுரையாளர் முகவரி தந்தால் நடந்தே போய் வாங்கி வருகிறேன். இத்தனைக்கும் இன்று கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத உதவும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. தமிழ்வழிப் பிள்ளை தன் பெயரை அதில் அடிக்க வேண்டுமென்றால் பாமினி போல ஏதாவது பழைய எழுத்துருவைத் தேட வேண்டும். “எல்லாம் போட்டுத் தர்றேன் சார்” என்று பென் டிரைவோடு வருகிற கடைப் பையன்தான் பல ஊர்களில் அரசுப் பாடத்திட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

கல்விச் சலுகை விலை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்திய மைக்ரோசாப்ட், பள்ளிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளின் நீட்டிப்பைக் கணினிக்கு முதல் ஆண்டு ஒரு டாலர், அடுத்த ஆண்டு இரண்டு, மூன்றாம் ஆண்டு நான்கு என்றுதான் வைத்தது. டாலர் அல்ல பிரச்சினை. நான் பார்த்தவரை இணையத்தில் வாங்கப் போனால் கிரெடிட் கார்டு கேட்கிறார்கள், எங்கள் தாளாளரிடம் இருப்பது காசோலைப் புத்தகம். முகவரைக் கூப்பிட்டால், பத்துப் பதினைந்து கணினிக்காக அவர் பஸ் ஏறி வருவதில்லை.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று ஒருமுறை ஆய்வகம் முழுக்க விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற காசில்லாத இயங்குதளத்தைப் போட்டேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒவ்வொரு கணினியின் முதுகையும் தடவிப் பார்த்தார். விண்டோஸ் ஸ்டிக்கர் தேடுகிறாராம். பிறகு ரசீது எங்கே என்றார். இது இலவசம் சார் என்றேன். “ரசீது இல்லையென்றால் திருட்டுதானே?” என்று கேட்டுவிட்டு, அப்படியே குறிப்பும் எழுதிவிட்டுப் போனார். நான் கொடுத்த விளக்கக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. நேர்மையாக இருந்ததற்கு விளக்கம் எழுதியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பக்கத்துக் கேரளத்தில் 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற அரசுத் திட்டமாகத் தொடங்கி, இன்று ‘கைட்’ என்ற பெயரில், பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையே, யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறார்கள். நம் ஊரிலும் 2011இல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தில், சென்னையில் உருவான பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைகூட அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. தேர்வில் வராததை யார் திறப்பார்கள்?

பேஜ்மேக்கர் பயிற்சியை மாணவர்கள் அதே வேலைக்கான கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸில் செய்தாலும் மதிப்பெண் உண்டு, கட்டற்ற மென்பொருளுக்கு ரசீது தேவையில்லை என்று கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். நான் எழுதினால் குப்பைக்குப் போகும். தாங்கள் ஒரு பெட்டிச் செய்தி போட்டால் நாளையே அசைவார்கள்.

இடமில்லையென்றால் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ரசீது விவகாரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பணியிலிருந்து விலகிய கணினி ஆசிரியர்,
மன்னார்குடி.