சன்ரைஸில் எனக்காகக் காது கொடுத்தவருக்கு

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். எதையும் பிடிக்காமல் குசினிவரை நடக்கிறார், தேத்தண்ணியைத் தானே போடவேண்டும் என்று அடம்பிடிக்கிறார். என்ன நடந்தது என்பது இதை வாசிக்கிற பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை, எழுதவும் தேவையில்லை. நன்றி சொல்லவேண்டியவர்களுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிட நினைக்கிறேன்.

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற என்னிடம் உங்களில் சிலர் ஒன்று கேட்டீர்கள். "நீ ஸ்காபுறோவில் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நின்றாய். பிறகு எப்படி நாலாவது ஆட்டம் முடிந்தபின் லீஃப்ஸ் வீரர்கள் சொன்னதெல்லாம் உன் கட்டுரையில் வந்தது?" அதற்கான பதில்தான் இந்த மடலின் பெரும்பகுதி.

2025 பிளேஓஃப்பில், அதாவது கிண்ணத்துக்கான வெளியேற்றச் சுற்றில், புளோரிடா பாந்தர்ஸுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களையும் ரொறன்ரோவில் வென்றுவிட்டு லீஃப்ஸ் தெற்கே இறங்கியது. மூன்றாவது ஆட்டம் மே 9, வெள்ளிக்கிழமை, பாந்தர்ஸின் ஊரான சன்ரைஸில். சமநிலையில் நின்று ஓவர்டைமுக்குப் போனது. பிளேஓஃப் ஓவர்டைம் எப்படி என்று ஹொக்கி பார்க்கிறவர்களுக்குத் தெரியும். யாராவது ஒரு கோல் போடும்வரை இருபது இருபது நிமிடமாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மேலே பிரஸ் பொக்ஸில் இருக்கிற எல்லாரும் இரண்டு கட்டுரைகளைத் திறந்து வைத்திருப்போம். வென்றால் ஒன்று, தோற்றால் ஒன்று. கோல் விழுந்த சில நிமிடங்களில் ஒன்று போகவேண்டும், மற்றது அழியவேண்டும். பாந்தர்ஸின் பிராட் மார்ஷான்ட் கோல் போட்டார், 5-4. நான் தோற்ற கட்டுரையை அனுப்பினேன். அப்போதுதான் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தேன். தம்பியிடமிருந்து வரிசையாக அழைப்புகள்.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் பல வருடங்களாகப் பாந்தர்ஸ் அணியைப் பற்றி எழுதுகிறவர். அதற்கு முன் நாங்கள் கதைத்தது மிகக் கொஞ்சம். அவருடைய அணி அப்போதுதான் வென்றிருந்தது, அவருக்கும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த விமானம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். வேறு எதையும் துருவவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. அவரே விமான நிலையத்துக்கு எந்த வழி நல்லது என்று சொல்லி, என் மின்னஞ்சல் முகவரியை அவருடைய நோட்டில் எழுதச் சொன்னார். எதற்கென்று கேட்கும் நிலையில் நான் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலாவது ஆட்டம். அன்று அன்னையர் தினம். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். 2-0, புளோரிடா. அவர்களுடைய கோல்காப்பாளர் பொப்ரோவ்ஸ்கி ஒரு கோலையும் விடவில்லை. "விடு, ஏஜென்சிச் செய்தியைப் போட்டுச் சமாளிப்போம்" என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் எனக்கு எழுதவேண்டும் போலிருந்தது. இரவில் அந்த அறையில் சும்மா இருப்பதைவிட, எழுதிக்கொண்டிருப்பது மனதைக் கொஞ்சம் நிலையில் வைத்திருக்கும்.

நள்ளிரவுக்கு மேல் அவருடைய மின்னஞ்சல் வந்தது. இரண்டு ஒலிப்பதிவுகள். ஒன்று பயிற்சியாளர் கிரேக் பெருபே பேசியது, மற்றது லீஃப்ஸின் டிரெசிங் ரூம். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில் கதவு திறப்பார்கள். பயிற்சியாளர் ஒரு அறையில், வீரர்கள் இன்னொரு அறையில், எதிரணி அரங்கின் மற்றப் பக்கத்தில். எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். பெரிய பத்திரிகைகள் மூன்று நாலு பேரை அனுப்பும். தனியாக வருகிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விடவேண்டியதுதான். அவரும் தனியாகத்தான் வந்திருந்தார். தன் அணி வென்ற இரவில், தன் வாசகர்கள் காத்திருக்க, தோற்ற அணியின் அறைக்குப் போயிருக்கிறார். பயிற்சியாளரின் பதிவை வேறொருவரிடம் எனக்காகக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

பதிவுகளோடு ஒரு குறிப்பும் இருந்தது. எந்த நிமிடத்தில் யார் பேசுகிறார் என்று வரிசையாக. யார் கேள்விகள் முடியும்வரை நின்றார், யார் இன்னும் ஸ்கேட்டைக் கழற்றாமல் இருந்தார், அறை எவ்வளவு சத்தமாக இருந்தது என்றெல்லாம். ஒலிப்பதிவில் வராத விஷயங்கள் இவை. நேரில் நிற்கிற கண்ணுக்குத்தான் தெரியும். அந்தக் கண்ணை எனக்கு இரவல் தந்திருந்தார்.

அதற்கும் மேலே ஒன்று. முதல் ஆட்டத்தில் லீஃப்ஸின் கோலி (கோல்காப்பாளர்) ஸ்டோலார்ஸ் காயப்பட்டு வெளியேற, ஜோசப் வோல் கோலுக்குள் வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோலி மாறினால் முன்னால் நிற்கிற டிஃபென்ஸ்காரர் எதையெல்லாம் மாற்றவேண்டியிருக்கும், வலைக்குப் பின்னால் போகிற பக்கை (ஆட்ட வட்டை) யார் எடுப்பது, எப்போது கூப்பிடுவது என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. வெள்ளிக்கிழமை இடைவேளையில் அதை அவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். பதிவின் நடுவில் திடீரென்று அவருடைய குரல். என் கேள்வியை நான் சொன்ன மாதிரியே கேட்கிறார். பாந்தர்ஸைப் பற்றி எழுதுகிற ஒருவருக்கு அந்தப் பதிலால் எந்தப் பயனும் இல்லை. கிடைத்த பதில் நீளமானது, பொறுமையானது. ஆசிரியரிடம் விபரம் சொல்லி, பதிவு எப்படி வந்தது என்பதையும் குறிப்பிட்டு, அதை வைத்துத்தான் நாலாவது ஆட்டத்தின் கட்டுரையை எழுதினேன். நல்லாயிருந்தது என்று நீங்கள் சொன்ன அந்தக் கட்டுரையில் பாதி அவருடையது.

ஆறாவது ஆட்டத்துக்குத் தொடர் திரும்பவும் சன்ரைஸ் போனபோதும் அனுப்பினார். அன்று லீஃப்ஸ் 2-0 வென்றது. நான் கேட்கவேயில்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்துக்கு நான் போய்வரும்வரை அம்மாவோடு இருந்த சித்தி, இரவு வேலையை மாற்றிக்கொண்டு வந்த தம்பி, வார்ட்டில் எந்த நேரம் எது கேட்டாலும் முகம் சுளிக்காத தாதிமார், என் இருக்கையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த அரங்க ஊழியர்கள், சாப்பாடு கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டு மணியை அடிக்காமல் போனவர்கள், கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள். உங்கள் எல்லாருக்கும் நேரில் வந்து சொல்வேன்.

தொடரைத் தீர்மானிக்கிற ஏழாவது ஆட்டம், ரொறன்ரோவில், மே 18 அன்று விழுந்தது. அது எங்களுக்கு என்ன நாள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிரம்ப்டன் சிங்கூசி பூங்காவில் அந்த மாதம் திறந்த தமிழினப்படுகொலை நினைவுத்தூபியைப் பார்க்க அம்மாவுக்கு ஆசை. உடம்பு இடம் கொடுக்கவில்லை. வீட்டிலேயே விளக்கேற்றினார், பக்கத்து வீட்டு அக்கா முள்ளிவாய்க்கால் கஞ்சி கொண்டுவந்து தந்தார். இந்த நாளில் விளையாட்டு எழுதப் போகவேண்டுமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. "போட்டு வா. அந்த மனுசனையும் காண்பாய்தானே, நான் நன்றி சொன்னதாகச் சொல்லு" என்றார் அம்மா.

போனேன். 6-1, புளோரிடா. 2013இலிருந்து அன்றுவரை லீஃப்ஸ் ஏழு முறை ஏழாவது ஆட்டம் ஆடி ஏழையும் தோற்றிருந்தது. கோபத்தில் ரசிகர்கள் தங்கள் ஜேர்சிகளை ஐஸில் எறிந்தார்கள். அணியைப் பற்றிய என் கருத்தை வேறு இடத்தில் எழுதிவிட்டேன். முதல் இடைவேளையில் அவரைத் தேடிப் போய் அம்மா சொன்னதைச் சொன்னேன், சித்தி செய்த ரோல்ஸ் பெட்டியையும் கொடுத்தேன். அம்மா இப்போது எப்படிச் சாப்பிடுகிறார், நித்திரை வருகிறதா என்று விசாரித்தார். பிறகு இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பினோம்.

போட்டிக்குரிய தொழில் இது. மற்றவருக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கவேண்டும் என்றுதான் பழகியிருக்கிறேன். அவர் செய்ததைக் கண்டபிறகு அப்படியே தொடர எனக்கு முடியாது. லீஃப்ஸ் ஆடுகிற ஸ்கோஷியாபேங்க் அரங்குக்குத் தனியாக வருகிற எந்த ஊர்க்காரரும், எந்த அணிக்காக எழுதுகிறவரும், ஏதோ காரணத்தால் ஆட்டம் முடிந்தபின் கீழே வீரர்களின் அறைக்குப் போகமுடியாமல் போனால் என்னிடம் சொல்லுங்கள். என் பதிவும் குறிப்பும் உங்களுக்கு வரும். கேட்கவேண்டிய கேள்வி இருந்தால் அதையும் தாருங்கள், நான் கேட்கிறேன்.