வெப்கேம் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கணினி அறையின் 12 லினக்ஸ் கணினிகளுக்கும் வெப்கேம் பொருத்தும் பணியைக் குழுவிடம் ஒப்படைத்திருந்தீர்கள். பதினொன்றில் படம் வருகிறது. பன்னிரண்டாவது ஒரு மடிக்கணினி. அதன் கதையைப் பின்னால் சொல்கிறோம். ஒரு கேமரா மாட்ட இத்தனை நாளா என்று சிலர் பேசிக்கொண்டது குழுவின் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். தாமதத்துக்குக் காரணம் லினக்ஸ் அல்ல, நாங்கள்தான்.

முதலில் நான்கு கேமராக்களைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கினோம். மெகாபிக்சல் எண் பெரிதாக இருந்தது. உள்ளே டிரைவர் குறுந்தகடு வேறு, அதாவது கேமராவைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள். எவ்வளவு அக்கறையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தோம். அந்தக் குறுந்தகடுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை, நாங்கள் கவனிக்கவில்லை. நல்ல வெப்கேம் அடிப்படைப் படத்துக்குத் தனி டிரைவர் கேட்காது. யூஎஸ்பி வீடியோ கிளாஸ், சுருக்கமாக யூவிசி, என்றொரு பொது விதிமுறை 2003-லேயே வந்துவிட்டது. அதன்படி செய்த கேமரா எந்த நிறுவனத்துடையதானாலும் கணினியிடம் ஒரே மொழியில் பேசும். அந்த மொழி புரியும் டிரைவரை லோரான் பென்ஷார் லினக்ஸுக்காக எழுதினார். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 2008-ல் வந்த 2.6.26 பதிப்பில், அது சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து யூவிசி கேமராவைச் செருகினால் போதும், எதையும் நிறுவ வேண்டாம்.

நாங்கள் வாங்கிய நான்கும் அந்த விதிமுறைக்கு முந்தைய தலைமுறைச் சிப்புகள் கொண்டவை. அவற்றுக்காக ஜிஎஸ்பிசிஏ என்ற டிரைவர் தொகுப்பு கெர்னலில் இருக்கிறது. அதன் புண்ணியத்தில் இரண்டு மட்டும் படம் காட்டின, அதுவும் 640×480 அளவில். பெட்டியில் போட்டிருந்த மெகாபிக்சல் எண், சிறிய படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கிச் சொன்ன எண் என்பது அப்போதுதான் புரிந்தது. மற்ற இரண்டும் கடைசிவரை கண் திறக்கவில்லை.

இரண்டாம் முறை விதியை மாற்றிக்கொண்டோம்: ஒரே ஒரு கேமரா வாங்குவது, செருகிச் சோதிப்பது, தேறினால்தான் மீதி. செருகியதும், யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு கருவிக்கும் நான்கு நான்காக எட்டு இலக்க அடையாள எண் வரும். முன் நான்கு தயாரிப்பாளருக்கு, பின் நான்கு கருவிக்கு. இணையத்தில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான், பெட்டியின் பெயரை அல்ல. பெயர் அப்படியே இருக்க, உள்ளே சிப்பு மாறியிருக்கும். லாஜிடெக் சி920-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்: தொடக்கத்தில் வந்தவை ஹெச்.264 என்ற வீடியோ சுருக்கத்தைக் கேமராவுக்குள்ளேயே செய்தன. பின்னாளில் வந்தவற்றில் அந்த வசதி இல்லை. பெயர் மட்டும் மாறவில்லை. அதே கட்டளையோடு விரிவான தகவலையும் கேட்டால் இன்டர்ஃபேஸ் கிளாஸ் என்ற வரி வரும். அதில் 14, வீடியோ என்று இருந்தால் யூவிசி டிரைவர் அதை ஏற்றுக்கொள்ளும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

இப்படித் தேறியவை பத்து லாஜிடெக் சி270, இரண்டு சி920. எல்லாவற்றையும் பெரிய சி920-ஆகவே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மேசை முன் உட்கார்ந்து பேசும் முகத்துக்கு சி270 தரும் 720பி, அதாவது 1280×720 படம், போதும். அதன் நிலையான ஃபோகஸ் அங்கே குறையே அல்ல, வசதி. தானியங்கி ஃபோகஸ் உள்ள கேமரா, நீங்கள் கையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் முகத்தை விட்டுக் கையைத் தேடி ஓடும். தாள், பொருள் ஆகியவற்றை அருகில் வைத்துக் காட்டும் இரண்டு மேசைகளுக்கு மட்டும் அது தேவைப்பட்டது. அங்கே சி920.

பொருத்திய வாரத்திலேயே வந்த புகார்: படம் தத்தித் தத்தி வருகிறது. குழுவில் இதற்காகப் பாதிப்பேர் கெர்னலைத் திட்டினோம். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு திட்டுவதை நிறுத்தினோம். சுருக்காத படத்தில், ஒய்யூஒய்வி என்ற வடிவில், ஒரு பிக்சலுக்கு 2 பைட். 640×480 படம் வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படம், என்றால் 1.84 கோடி பைட். யூஎஸ்பி 2.0 கம்பி வீடியோவுக்கு ஒதுக்கித் தருவது அதிகபட்சம் சுமார் 2.4 கோடி, ஆக இது அடங்கும். 1280×720 படத்தை அதே 30 ஃபிரேமில் கேட்டால் 5.53 கோடி ஆகிறது, அடங்காது. 10 ஃபிரேமாகக் குறைத்தால் மறுபடியும் அதே 1.84 கோடி, ஒரு பைட் கூடக் குறையாமல். தத்தலின் காரணம் இவ்வளவுதான். 1080பி-யை, அதாவது 1920×1080 படத்தை, 30 ஃபிரேமில் கேட்டால் 12.44 கோடி, நினைத்தே பார்க்க வேண்டாம். வழி என்னவென்றால், செயலியின் அமைப்பில் எம்ஜேபெக் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு ஃபிரேமையும் கேமராவே ஜேபெக் படமாகச் சுருக்கி அனுப்பும். எந்த வடிவில் எந்த அளவுக்கு எத்தனை ஃபிரேம் என்ற பட்டியலை வி4எல்2-சிடிஎல் (v4l2-ctl) என்ற கட்டளை காட்டிவிடும். கேமரா வாங்குமுன் பார்க்க வேண்டிய பட்டியல் இதுதான், பெட்டியின் பின்பக்கம் அல்ல.

இதே கணக்கு இன்னொரு வேடத்திலும் வந்தது. ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாக்கும் ஹப் ஒன்றில் இரண்டு கேமராக்களைச் செருகியபோது இரண்டாவது மறுத்தது. கருவியில் இடம் மீதமில்லை என்று பிழைச்செய்தி. குழு உறுப்பினர் ஒருவர் அதை அப்படியே நம்பி, கணினியின் வன்வட்டில் இருந்த பழைய கோப்புகளை ஒரு மதியம் முழுக்க நீக்கினார். வட்டு சுத்தமானது, கேமரா அசையவில்லை. இடமில்லை என்று சொன்னது வட்டைப் பற்றி அல்ல, யூஎஸ்பி தடத்தைப் பற்றி. முதல் கேமரா தனக்கு வேண்டியதைவிட அதிக இடத்தை முன்பதிவு செய்துகொண்டுவிட்டது. இரண்டையும் கணினியின் வெவ்வேறு யூஎஸ்பி கட்டுப்பாட்டுச் சுற்றுகளில் பிரித்துச் செருகியதும் சரியாயிற்று. நீக்கிய கோப்புகளில் யாருடையதாவது இருந்தால் செயலாளரைப் பார்க்கவும், நகல் இருக்கிறது.

குழல்விளக்கின் கீழ்ப் படத்தில் பட்டை பட்டையாக ஓடியது மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கும் கேமராவின் அமைப்புக்கும் பொருந்தாததால் வந்தது. பவர் லைன் ஃப்ரீக்வென்சி என்ற அமைப்பில் 50 ஹெர்ட்ஸுக்கு 1, 60-க்கு 2 என்று கொடுத்தால் நின்றுவிடும். கேமராவைக் கழற்றி மாட்டினால் இது மறந்துபோகக்கூடும் என்பதால், செருகியதும் தானாக அமையும்படி, கருவிகளைக் கவனிக்கும் லினக்ஸின் யூடெவ் (udev) அமைப்பில் ஒரு விதி எழுதிவைத்திருக்கிறோம். இருட்டான மூலைகளில் ஃபிரேம் குறைவதற்கு அமைப்புகளோடு மல்லுக்கட்டி நாங்கள் அலுத்துவிட்டோம். முகத்துக்கு முன்னால் ஒரு விளக்கை வையுங்கள்.

செயலிகளில் கேமரா இரண்டு பெயரில் தெரிகிறது, ஒன்றில் வெறும் கறுப்புத்தான் என்று பலர் சொன்னார்கள். அது பழுது அல்ல. 2018-ன் 4.16 கெர்னலில் இருந்து யூவிசி கேமராக்கள் படத்துக்கு ஒரு வாயில், படம் பற்றிய துணைத்தகவலுக்கு ஒரு வாயில் என இரண்டு திறக்கின்றன. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். பிரவுசரில் மட்டும் கேமரா தெரியவில்லை என்றால், அது ஸ்னாப்பாகவோ ஃபிளாட்பாக்காகவோ (செயலியைத் தனி வேலிக்குள் வைக்கும் பொதி வகைகள்) நிறுவப்பட்டதா, அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். சீஸ் (Cheese) என்ற கேமரா செயலியைத் திறந்துவைத்துவிட்டு வேறு செயலியில் படம் வரவில்லை என்று புகார் எழுத வேண்டாம். பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் கேமராவைப் பிடித்துக்கொள்ள முடியும்.

இனி அந்த மடிக்கணினி. அதற்குள் கேமரா இருக்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது, எல்எஸ்யூஎஸ்பி-யில் மட்டும் இல்லை. பல மடிக்கணினிகளில் உட்கேமரா உள்ளுக்குள் ஒரு யூஎஸ்பி கேமராதான், அதனால் தொல்லை இல்லை. இதுவோ இன்டெலின் ஐபியு6 என்ற படச் செயலகம் வழியாக இணைந்த சென்சார். சென்சார் தருவது பதப்படுத்தாத மூலத் தரவு. நிறம், ஒளி, கூர்மை எல்லாவற்றையும் கணினிதான் செய்தாக வேண்டும். ஐபியு6-இன் டிரைவரில் தரவை வாங்கும் பகுதி 2024-ல் வந்த 6.10 கெர்னலில்தான் சேர்ந்தது. அதன்பிறகும் அந்தந்த சென்சாருக்கான டிரைவரும், மூலத் தரவைப் படமாக்க உதவும் லிப்கேமரா என்ற மென்பொருளும் கைகோத்தால்தான் படம். இரண்டு வார இறுதிகள் முயன்றோம், பச்சை நிறத்தில் ஒரு மங்கல் வரை வந்தோம். அதோடு விட்டுவிட்டோம். இதற்கும் ஒரு வெளிக்கேமரா வாங்குவதா என்பதை அடுத்த கூட்டத்தில் நீங்கள் முடிவு செய்யுங்கள். குழுவின் கருத்து, வாங்கிவிடலாம்.

வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் பதிவேட்டில் உள்ளன. முதல் நான்கு கேமராக்களின் செலவை மற்றவற்றோடு கலக்காமல், தவறான கொள்முதல் என்று தனித்தலைப்பில் காட்டியிருக்கிறோம். அவை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. படம் வரும் இரண்டின் மேல் சீட்டு ஒட்டியிருக்கிறது, வேண்டியவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுத்துப்போகலாம்.

ஏழாம் எண் கணினியின் இரண்டு கேமராக்களும் செருகியுள்ள போர்ட்டுகளில் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறது. தயவுசெய்து அவற்றை இடம் மாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவின் சார்பில்,
செயலாளர்