ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

நம் பங்கு மண்டபம் நீட் பயிற்சி வகுப்புக்கு வாடகைக்குப் போன கதை உங்களுக்கே தெரியும். ஜூனிலிருந்து, பிள்ளைகளுக்கு மந்திரமும் விசுவாசமும் சொல்லிக்கொடுக்கும் மறைக்கல்வி வகுப்பு புளியமரத்தடியில்தான் நடக்கிறது. போன ஞாயிறு மழை பிடித்துக்கொண்டதால் பிள்ளைகளை மண்டபத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனேன். பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு தம்பி வந்து, "டெஸ்ட் நடக்குது டீச்சர், சத்தம் வேண்டாம்" என்றார். பிள்ளைகள் பாதியில் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் மண்டபத்தை மறைக்கல்விக்குத் திருப்பிக் கொடுங்கள்.

படிப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் அப்பாக்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். தன் பிள்ளையாவது வெயிலில் நிற்கக் கூடாது என்று அவர்கள் நினைப்பது நியாயம்தான். ஆனால் தவக்காலத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

நிலக்கடலை பறித்தே குடும்பத்தை நிமிர்த்திய பாட்டி அவர். நோயாளிகளுக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் ஆகியிருந்தது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். பாட்டி பேத்தியின் கையைப் பிடித்து, "கிருபை தயாபத்து சொல்லு கண்ணு" என்று மாதா மந்திரத்தைக் கேட்டார். 600க்கு 571 வாங்கியதற்காக நாம் மேடையில் ஏற்றிச் சால்வை போட்ட பெண். அவளுக்குத் தெரியவில்லை. பதறிப்போய்ச் செல்போனில் தேடினாள். முதலில் ஏதோ விளம்பரம் சத்தமாக ஓடியது. அவள் அழுதுகொண்டே அதை நிறுத்தப் பார்க்க, பாட்டி தானே மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லி முடித்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பிலேயே, "டியூஷன் இருக்கு, மறைக்கல்வி அப்புறம் பார்க்கலாம்" என்று அவளை நிறுத்தியபோது நாம் எல்லாரும் சரி என்றுதானே இருந்தோம்?

நம் கோயிலில் புனித பிரான்சிஸ் சவேரியார் சுரூபம் இருக்கிறது. அவரும் படிப்பாளிதான். பாரிஸில் பட்டம் வாங்கி, பாடம் நடத்தி, பெரிய பதவிக்கு ஆசைப்பட்டவர். உலகம் முழுவதையும் ஆதாயமாக்கிக்கொண்டு தன்னை இழந்தால் என்ன பயன் என்ற வசனத்தை, இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் விடாமல் நினைவூட்டித்தான் அவரைத் திருப்பினார். 1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தவர், தமிழில் மந்திரங்களை மனப்பாடம் செய்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் பித்துப் பிடித்தவன்போலக் கத்த வேண்டும் என்று தோன்றுவதாகச் சொல்கிறார். அன்பைவிட அறிவு மிகுந்து கிடக்கும் அங்கே, படித்தவர்களின் அசட்டையால் எத்தனை ஆன்மாக்கள் மோட்சத்தை இழக்கின்றன என்பது அவர் வேதனை. நம் மண்டப வாசலில் நின்றால் அவர் என்ன கத்துவார்?

திருவிழாவுக்குச் சீரியல் செட், வாணவேடிக்கை, ஆளுயர ஃபிளெக்ஸ். கோயில் மின்விசிறியின் இறக்கையில்கூட நன்கொடையாளர் பெயர். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று வாசிக்கும் அதே கோயிலில்! மருத்துவராகப் போகிற பிள்ளைக்கு மாலை போடுகிறோம். குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போக நினைக்கும் பிள்ளையிடம், "வேற வழியே இல்லையா?" என்று கேட்கிறோம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நம் தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்த 1997இல், இதே மண்டபத்தில் மறைக்கல்வி படித்து முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வாங்கியவள் நான். அந்த உரிமையில் கேட்கிறேன். வாடகை குறையும் என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்கானதை மறைக்கல்வி ஆசிரியர்கள் நாங்கள் நால்வரும் போட்டுக் கட்டுகிறோம். நீட் வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க மட்டும் தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளோடு மண்டப வாசலில் காத்திருப்பேன். சாவியோடு யாராவது வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை